வெட்டுத்துணி, அளவு நோட்டு, வண்ணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரைக்காரி. பலகையில் துணி, காகிதம், நூல், வண்ணம் எல்லாவற்றையும் சேர்த்துப் படம் செய்வது என் வேலை. கூட்டுக் கண்காட்சிகளில் நாலைந்து தடவை வைத்திருக்கிறேன். தனிக் கண்காட்சி இன்னும் வைக்கவில்லை. படத்துக்கு முன்னால் நின்று கேட்பவர்கள், ஃபோனில் கேட்பவர்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து கேட்பவர்கள் என்று ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

மிக்சட் மீடியா என்றால் என்ன? அதற்குத் தமிழில் வார்த்தை இல்லையா?

கலப்பு ஊடகம் என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது ஏதோ தொலைக்காட்சி நிலையத்தின் பெயர் மாதிரி இருப்பதால் நான் மிக்சட் மீடியா என்றே சொல்லிக்கொள்கிறேன். விஷயம் எளிது. ஒரே படத்தில் எண்ணெய் வண்ணம் மட்டும், நீர்வண்ணம் மட்டும் என்று நிற்காமல் இரண்டு மூன்று வகைப் பொருட்கள் சேர்ந்தால் அது மிக்சட் மீடியா. 1912இல் பிக்காசோ ஒரு படத்தில் பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட துணியை ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் கயிறு கட்டினார். கலை வரலாறு பேசுபவர்கள் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

எங்கள் வீட்டில் பிக்காசோவைக் கேட்காமலே இது நடந்துகொண்டிருந்தது. தேரில் தொங்கும் தொம்பையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நிறத் துணிமேல் இன்னொரு நிறத் துணியை யாளியாகவும் பூவாகவும் வெட்டி வைத்துத் தைத்திருப்பார்கள். அப்பா அதைச் செய்தவர். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘வேலை’.

என்னென்ன பொருட்கள் பயன்படுத்துகிறீர்கள்? எங்கே வாங்குகிறீர்கள்?

பாதிக்கு மேல் வாங்குவதில்லை. அப்பா புது மண்டபத்தில் தையல்காரராக இருந்தார். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. 124 தூண்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது எனக்கு மண்டபமே இல்லை, கடைத்தெரு. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு மிஷின், மிஷினுக்குப் பின்னால் ஒரு நாயக்கர் சிலை, சிலையின் கையில் யாராவது அளவு டேப்பைத் தொங்கவிட்டிருப்பார்கள். சாமி உடைகள், குடை, தொம்பை, சித்திரைத் திருவிழா வந்தால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கான வேட உடைகள் எல்லாம் அங்கே தைத்தவைதான். சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு வெல்வெட், ஓரத்தில் ஜிகினா. பிற்பாடு கடைகளைக் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மண்டபத்துக்கு அது நல்லதுதான், சிலைகள் மூச்சு விடுகின்றன. அப்பா மட்டும் அதோடு மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கூடவே ஏழு மூட்டை வெட்டுத்துணியும் முப்பது வருடத்து அளவு நோட்டுகளும் வந்தன. என் பொருட்கள் அவைதான்.

மற்றபடி, பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் பில் புத்தகம், கணக்குப் பேரேடு. கீழவாசல் பக்கம் நூலும் பட்டனும். காவிக்கல், செம்மண், கோலமாவு. அக்ரிலிக் வண்ணம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அதில் கஞ்சத்தனம் பார்த்தால் பிறகு அழ வேண்டியிருக்கும். அப்புறம் போஸ்டர். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, தலைவர் பிறந்தநாள் என்று மதுரைச் சுவரில் போஸ்டர் ஒட்டாத நாளே கிடையாது. மழைக்குப் பிறகு ஓரமாக உரித்தால் எட்டு பத்து போஸ்டர் ஒன்றாக ஒட்டி அட்டைபோலக் கழன்று வரும். நீரில் ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தால் யாரோ ஒருவரின் மீசைக்கு அடியில் இன்னொருவரின் மாலை இருக்கும். இதை உரிக்கும்போது ஒரு போலீஸ்காரரிடம் மாட்டி, ஓவியம் என்றால் என்ன என்று அரைமணி நேரம் விளக்கியிருக்கிறேன்.

சுங்குடி துணியைப் பற்றியும் கேட்பார்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை அச்சு வைத்தவை. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த துணி கிடைத்தால், முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி கூம்பு கூம்பாக நிற்கும். அதை இஸ்திரி போடாமல் அப்படியே ஒட்டினால் புள்ளிக்கு நிழல் விழும். தூரிகையால் அந்த நிழலைக் கொண்டுவர என்னால் முடியவில்லை.

ஓவியக் கல்லூரியில் படித்தீர்களா?

இல்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருப்பது பிளஸ் டூ முடித்து வெகுநாள் கழித்துத்தான் தெரியும். பி.காம். படித்தேன். ஓவிய ஆசிரியர் வேலைக்காக அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் எழுதினேன். பானையும் பூவும் பார்த்து வரைகிற தேர்வு அது. கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு பித்தளைச் செம்பின் வாய் வட்டத்தைக் கோணல் இல்லாமல் போடுகிற வரை கை அடிக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது அந்தத் தேர்வுதான். இப்போது வாரத்தில் மூன்று நாள் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறேன். மற்ற நாட்கள் மாடியில்.

ஒரு படம் எப்படி உருவாகிறது? முதலிலிருந்து சொல்ல முடியுமா?

சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எங்கள் வீட்டில் கேன்வாஸ் என்றால் சட்டைக் காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணி. ஓவியத்துக்கும் கேன்வாஸ் உண்டு என்று தெரிந்து முதலில் அதில்தான் ஒட்டிப் பார்த்தேன். கனம் ஏற ஏறத் துணி தொய்ந்தது, மேலே ஒட்டியவை விரிசல் விட்டன. கனமான பொருளுக்கு அசையாத அடி வேண்டும். இப்போது 12 மில்லிமீட்டர் பிளைவுட், பெரியதானால் பின்னால் ரீப்பர் அடித்துக்கொள்வேன். பலகையின் முன்புறத்துக்கு மட்டும் பூச்சுக் கொடுத்தால் அது வளையும். பின்புறத்துக்கும் இரண்டு கை பூச வேண்டும். இது தெரியாமல் மூன்று பலகைகளை முறமாக்கியிருக்கிறேன்.

பூச்சு காய்ந்ததும் மல் துணி ஒட்டி, அதன்மேல் சாக்பீஸ் பொடியும் பசையும் கலந்த மாவு மூன்று நான்கு கை. ஒவ்வொரு கையும் காய்ந்தபின் உப்புத்தாள். சித்திரை, வைகாசியில் மாடியில் வேலை செய்தால் பசை தூரிகையிலேயே காய்ந்துவிடும், அதனால் அந்த மாதங்களில் விடிகாலை நாலு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடித்துவிடுவேன்.

பிறகுதான் துணி. புதுத் துணியோ பழசோ, சாயம் போகிறதா என்று நனைத்துப் பார்க்காமல் வைப்பதில்லை. வேட உடைகளுக்கு வாங்குகிற மலிவுச் சிவப்பு போட்டிபோட்டுக்கொண்டு சாயம் விடும். தண்ணீர் தெளியும் வரை அலசுவேன். ஒரே ஒரு படத்தில் வேண்டுமென்றே அலசாமல் வைத்தேன். வெள்ளை மாவில் அந்தச் சிவப்பு ஊறிப் பரவி வைகறை மாதிரி ஒரு ரோஜா நிறம் வந்தது. இரண்டாம் தடவை முயன்றபோது ரத்தக் கறை மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

துணியை ஒட்டுவதில் எனக்கு ஒன்றரை வருடம் புரியாமல் இருந்த ஒரு விஷயம் உண்டு. வளைவான இடங்களில் எவ்வளவு அழுத்தினாலும் ஓரம் எழும்பிக்கொண்டே இருந்தது. பசையை மாற்றினேன், கல் வைத்தேன், கிளிப் போட்டேன். ஒருநாள் அப்பா டீ கொடுக்க மாடிக்கு வந்தவர் குனிந்து பார்த்தார்.

“ஏம்மா, பாவு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. துணிக்கு நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலும் குறுக்கே ஓடுகிற ஊடை நூலும் உண்டு என்பதே ஒட்டும்போது என் நினைவில் இல்லை. நேராக வெட்டிய துணி வளைய மறுக்கும். அதையே கிராஸாக, மூலைவாட்டில் வெட்டினால் இழுத்த பக்கம் வந்து உட்காரும். ஜாக்கெட் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கிற ஒவ்வொரு தையல்காரருக்கும் தெரிந்தது இது. அன்றிலிருந்து எந்தத் துண்டையும் கையில் எடுத்ததும் முதலில் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்கிறேன். நேர்த்துணியை நேர்க்கோட்டுக்கு, கிராஸை வளைவுக்கு என்று பிரிக்க ஆரம்பித்தபிறகு என் படங்களின் கோடுகளே மாறிவிட்டன. யோசித்துப் பார்த்தால், என்ன வரைவது என்பதைக் கொஞ்சம் துணியும் முடிவு செய்கிறது.

வெல்வெட்டை ஒட்ட முடியாது. பசை ஊறி மேலே வந்தால் அதன் மயிர் படிந்து செத்துப்போகும். ஜிகினா பிளாஸ்டிக், அதில் பசை பிடிக்காது. இரண்டையும் தைக்கிறேன். பலகையில் சிறு துளைகள் போட்டு, கோணி ஊசியால் பின்னாலிருந்து முன்னால். படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நூல் ஓட்டம் முழுக்கத் தெரியும். அதை மூடுவதில்லை.

கடைசியில்தான் வண்ணம். இதில் ஒரு விதி மட்டும் மீற முடியாது. அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும், எண்ணெய் மேல் அக்ரிலிக் நிற்காது, உரிந்துவிடும். ஆயில் பேஸ்டலுக்கும் இதே கதைதான். அதனால் தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாம் முதலில், எண்ணெய் சம்பந்தப்பட்டது இறுதியில். 24க்கு 36 அங்குலப் படம் ஒன்றுக்கு ஐந்து வாரம் ஆகும். அதில் வண்ணம் தொடுவது நான்கைந்து நாள்.

புளியங்கொட்டைப் பசை எதற்கு? ஃபெவிகால் போதாதா?

பெரும்பாலான இடத்தில் ஃபெவிகால்தான். மெல்லிய பழைய காகிதத்துக்கு மட்டும் புளியங்கொட்டை. தஞ்சாவூர் ஓவியப் பலகைக்கு அது பழைய வழக்கம். கொட்டையை வறுத்து, ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்ச வேண்டும். காய்ந்தாலும் பளபளப்பு வராது, தவறாக ஒட்டியதைத் தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம். ஃபெவிகாலில் ஒட்டியது ஒட்டியதுதான்.

முதல் பெரிய படத்தை மைதாப் பசையில் செய்தேன். போஸ்டர் ஒட்டுபவர்களும் பைண்டிங் கடைக்காரர்களும் மைதாவில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி வராமலிருக்க. அது விஷமாயிற்றே என்று நான் போடவில்லை. வாங்கியவர் வீட்டில் ஒரு ஐப்பசி மழை கடந்ததும் ஃபோன் வந்தது. ராமபாணப் பூச்சி பசை கனமாக இருந்த இடங்களாகப் பார்த்துத் தின்றிருந்தது. பசை கனமாக இருந்தது அளவு நோட்டின் எண்களுக்கு அடியில். மார்பு 36 இருந்தது, இடுப்பைக் காணவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கிவந்தேன். அது இப்போது என் மாடிச் சுவரில் இருக்கிறது. நான் செய்ததைவிடப் பூச்சி செய்தது நன்றாக இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். அவரோடு இன்னும் பேசுகிறேன். இப்போது துத்தம் போடுகிறேன், கையுறை போட்டுக்கொண்டு, சமையல் பாத்திரம் எதையும் தொடாமல்.

அளவு நோட்டில் இருப்பவை யாருடைய அளவுகள்? அவர்களிடம் கேட்டீர்களா?

நியாயமான கேள்வி, மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். அவை அப்பாவின் வாடிக்கையாளர்களின் அளவுகள். பெயர், தெரு, சில இடங்களில் ஃபோன் எண் கூட இருக்கும். ஒரு பெண்ணின் உடல் அளவு அவர் தையல்காரரிடம் நம்பிச் சொன்னது. அதைச் சுவரில் மாட்ட எனக்கு உரிமை இல்லை. அதனால் பெயர், ஊர், தேதி மூன்றையும் வெட்டி எடுத்துவிட்டு எண்களை மட்டும் வைக்கிறேன். வெட்டிய பெயர்களை எரித்துவிடுகிறேன். சாமி அளவுகள் மட்டும் முழுசாக இருக்கும். ‘அம்மன், உயரம் 3½ அடி, பாவாடை ஏற்றிக் கட்ட’ என்று அப்பா எழுதிய பக்கத்தில் மறைக்க ஒன்றுமில்லை.

பால்பாயிண்ட் மை வெளிச்சத்தில் மங்கும், சில மைகள் அக்ரிலிக் பட்டாலே கரையும். எனவே மூலப் பக்கத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு மெல்லிய தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவதும் உண்டு. ஜெராக்ஸ் கறுப்பு கரையாது. இங்க்ஜெட் பிரிண்ட் கரைந்து ஓடும், கவனம்.

மதுரையில் இருந்துகொண்டு ஏன் கோபுரம் வரைவதில்லை?

எல்லோரும் கேட்கிறார்கள், சொந்தக்காரர்கள் கொஞ்சம் கோபமாகவே. கோபுரமே ஒரு மிக்சட் மீடியா வேலைதான்: கல், செங்கல், சுதை, மேலே வண்ணம். குடமுழுக்குக்குக் குடமுழுக்கு திரும்பப் பூசுவார்கள், 2009இல் பூசியது நினைவிருக்கிறது. அதைத் தட்டையாக ஒரு தாளில் இறக்கினால் எனக்குக் குறைவாகத் தெரிகிறது. மதுரையை அழகாகக் கோட்டில் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். மனோகர் தேவதாஸ் பார்வை குறைந்துகொண்டே வந்த காலத்திலும் இந்த ஊரின் தெருக்களையும் கோயிலையும் நுணுக்கமாகக் கறுப்பு மையில் வரைந்தார். அதற்குப் பிறகு நானும் ஒரு கோபுரம் போட்டு என்ன ஆகப்போகிறது?

யாருடைய பாதிப்பு உண்டு? எதைப் போய்ப் பார்க்கலாம்?

கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை. 1963 வாக்கில் ஆரம்பித்தது. ஜாதகக் கட்டம், கணக்கு, வாசிக்க முடியாத எழுத்து என்று நிரம்பியிருக்கும். அளவு நோட்டைப் படமாக்கலாம் என்ற தைரியம் அங்கிருந்து வந்தது. அவர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இன்றும் சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. ஒருநாள் ஒதுக்கிப் போய்வாருங்கள். நம் ஊர்க்காரர் டிராட்ஸ்கி மருது கோடுகளை விசிறுகிற வேகம் எனக்கு வராது, பொறாமையோடு பார்ப்பேன்.

பக்கத்திலேயே பார்க்க நிறைய இருக்கிறது. அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் கால ராமாயண ஓவியங்கள். கழுத்து வலிக்கும், துண்டு விரித்துப் படுத்துப் பார்க்க ஆசையாக இருக்கும். மேலூரைத் தாண்டிக் கருங்காலக்குடியில் பாறை ஓவியம். விளாச்சேரியில் பொம்மை செய்கிற வீடுகளில் களிமண்ணும் காகிதக்கூழும் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள், எந்தப் பயிற்சிப் பட்டறையும் அவ்வளவு சொல்லித் தராது.

எனக்கு மிகவும் உதவியது கீழடி. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளைப் பாருங்கள். அந்த இரண்டு நிறமும் பூசியவை அல்ல. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுக்கும், காற்றுப் பட்ட இடம் சிவக்கும். ஒரே மண், ஒரே நெருப்பு. அதில் ‘ஆதன்’ போன்ற பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்த வாரம் என் பெட்டியிலிருந்த பதினெட்டு டியூபில் பதினொன்றை மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

மீனாட்சி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. என் மாணவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு வசதிதான். தூணைப் பார்த்து, மனதில் வைத்து, சித்திரை வீதிக்கு வந்து வரைந்தால் எது தங்கியதோ அது மட்டும் தாளில் வரும்.

உங்கள் படங்கள் எத்தனை வருடம் தாங்கும்?

பாகத்துக்குப் பாகம் மாறும். காவியும் செம்மண்ணும் இரும்புச் சத்தால் வரும் நிறம், வெயிலுக்கு அசையாது. மஞ்சள்தூள் நிறம் சில மாதத்தில் பறந்துவிடும், அதனால் தொடுவதில்லை. செய்தித்தாள் பழுக்கும், அது அதன் சுபாவம். வாங்குபவரிடம் எது மாறும் என்று எழுதியே கொடுக்கிறேன். நேர் வெயில் படும் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர் இரண்டும் வேண்டாம். கண்ணாடி போடுவதானால் படத்தின்மேல் படாமல் இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள். ஒரு ஃப்ரேம் கடையில் அழுத்திப் போட்டுச் சுங்குடிக் கூம்புகளை அப்பளமாக்கிக் கொடுத்தார்கள்.

விலை ஏன் இவ்வளவு?

சதுர அங்குலத்துக்கு 20 ரூபாய். 24க்கு 36 என்றால் 864 சதுர அங்குலம், 17,280 ரூபாய். சட்டம் தனி. ஐந்து வாரத்தால் வகுத்துப் பாருங்கள், தையல் கூலியே பரவாயில்லை என்று தோன்றும். கேலரி வழியாக விற்றால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அவர்களுக்குப் போகும். கேலரியில் ஒரு விலை, வீட்டில் ஒரு விலை என்று நான் வைப்பதில்லை.

என் அம்மாவின் புடவையை வைத்து ஒரு படம் செய்து தருவீர்களா?

தருவேன், ஆனால் முதலில் புடவையை வெட்டச் சம்மதமா என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிட்டு வாருங்கள். பாதி வேலையில் அக்கா வந்து திருப்பிக் கேட்ட அனுபவம் உண்டு.

ஒரு சட்ட விஷயம், இளம் ஓவியர்களுக்கும் சேர்த்து. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நாமாக வரைந்து விற்ற படத்தின் பதிப்புரிமை, எழுத்தில் கொடுக்காத வரை நம்மிடம்தான் இருக்கும். படம் கைமாறும், உரிமை மாறாது. ஆனால் ஒருவர் காசு கொடுத்துச் சொல்லிச் செய்வித்த ஓவியமானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை அவருக்குப் போய்விடும். நான் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறேன். படம் உங்களுடையது, அச்சிடும் உரிமை என்னுடையது. அதே சட்டத்தின் 53ஏ பிரிவில், படம் பின்னால் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்குப் பங்கு கேட்கும் உரிமையும் இருக்கிறது. அப்படி வாங்கியவர் யாரையும் நான் நேரில் சந்தித்ததில்லை.

படத்தைத் தொட்டுப் பார்க்கலாமா?

வெல்வெட்டைத் தவிர. கை கழுவிவிட்டு.

அப்பா என்ன சொல்கிறார்?

முதல் கண்காட்சிக்கு வந்தார். படங்களை விட்டுவிட்டு ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். “பின்னாடி முடிச்சு சரியா விழல” என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபிறகு ஜிகினா தைக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். இப்போது பின்பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே அவர் பெயரும் இருக்கும்.

இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?

124 சிறு பலகைகள், புது மண்டபத்துத் தூணுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 8க்கு 8 அங்குலம். எந்தத் தூணடியில் யார் உட்கார்ந்து என்ன தைத்தார்கள் என்பதை அப்பாவும் அவருடைய பழைய கூட்டாளிகளும் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போவதே இல்லை. ஒரு தூணுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். அதற்கு மூன்று அடுக்காக ஒட்டியிருக்கிறேன். இதுவரை 31 முடிந்திருக்கின்றன. கரும்பச்சை வெல்வெட் தீர்ந்துவிட்டது. கடையில் கிடைப்பது நைலான் கலந்து மினுக்குகிறது. பழைய திருவிழா உடை கிழிந்ததாக யாரிடமாவது இருந்தால், ஒரு முழம் போதும், சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.